மூச்சுக்குக் கரண்ட்: வென்டிலேட்டரா, பேஸ்மேக்கரா, வயிற்றுத் தூண்டலா?

"கரண்ட் வெச்சு மூச்சு விட வைக்கிற மெஷினு ஒண்ணு வந்திருக்காமே சார், அதைப் போட்டா இந்தத் தொண்டைக் குழாயை எடுத்துடலாமா?"

கழுத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருக்கும் பிள்ளையின் அம்மா, அண்ணன், மாமா என்று யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. யாரோ மொபைலில் ஒரு வீடியோ அனுப்பியிருப்பார்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் வீடுகளுக்குப் போய்ப் பிசியோதெரபி செய்கிறவன் நான். அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். பதில் "ஆமாம், இருக்கிறது"தான். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறு வேறு கருவிகள் இருக்கின்றன: மூச்சு நரம்பைத் தூண்டும் பேஸ்மேக்கர், மூச்சுத் தசையில் பதிக்கும் கம்பி, வயிற்றுத் தசையைத் தூண்டும் பட்டை. முதல் இரண்டும் மூச்சுக்கு, மூன்றாவது இருமலுக்கு; அது செய்யும் வேலையை இது செய்யாது. விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத அளவு வித்தியாசப்படும். மாற்றிப் புரிந்துகொண்டு நிலத்தை விற்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் கேட்க வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குக் குறை மூச்சை உள்ளே இழுப்பதில் இல்லை, இருமி வெளியே தள்ளுவதில்தான். அதற்கு ஆபரேஷன் தேவையில்லை.

## முதலில் பார்க்க வேண்டியவை

முதல் கேள்வி, அடி எந்த மட்டத்தில் என்பது. நாம் இழுக்கும் மூச்சில் பெரும் பங்கு உதரவிதானத்தின் வேலை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல விரிந்திருக்கும் தசை அது. அதை இயக்கும் ஃப்ரீனிக் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் மட்டங்களிலிருந்து கிளம்புகிறது. டாக்டர் சீட்டில் சி-3, சி-4, சி-5 என்று எழுதியிருப்பது இதைத்தான். அதற்கு மேலே முழுதாக அறுபட்டால் தானாக மூச்சு வராது. கீழே, சி-5, சி-6 என்று அடிபட்டால் உதரவிதானம் ஓரளவோ முழுதாகவோ ஓடும். ஆனால் இருமலுக்கு வேண்டிய வயிற்றுத் தசைகளுக்கு நரம்பு நடுமுதுகிலிருந்து, அதாவது மார்புத் தண்டுவடத்தின் 6-ஆம் மட்டத்துக்குக் கீழிருந்து வருவதால், அவை வேலை செய்யாது. தண்ணீர் குறைந்த கிணற்றில் தலைகீழாகக் குதித்தவர்கள், புளியமரத்திலிருந்தோ தென்னையிலிருந்தோ விழுந்தவர்கள், பெங்களூர் நெடுஞ்சாலையில் பைக்கோடு விழுந்தவர்கள் என்று நான் பார்க்கிறவர்களில் பலர் இந்த இரண்டாவது வகை.

இரண்டாவது கேள்வி, ஃப்ரீனிக் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்பது. தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் போனாலும் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் நன்றாக இருந்தால், அந்த வயரில் வேறு வழியாகக் கரண்ட் கொடுத்து ஃபேனை ஓட்டலாம். வயரே எரிந்துபோயிருந்தால் எதைக் கொடுத்தும் ஓடாது. சி-2 மட்டத்தில் அடிபட்டு, 3, 4, 5-இல் உள்ள நரம்பு அணுக்கள் தப்பியிருந்தால் தூண்டல் வேலை செய்யும். அடி நேராக சி-4 மேல் விழுந்து அந்த அணுக்களே அழிந்திருந்தால் எந்தப் பேஸ்மேக்கரும் உதவாது. இதைக் கண்டுபிடிக்கச் சோதனை இருக்கிறது. கழுத்தில் நரம்புக்கு மேலே சின்னதாகக் கரண்ட் கொடுத்து உதரவிதானம் துள்ளுகிறதா என்று அளப்பார்கள். அல்ட்ராசவுண்டிலோ, ஃப்ளூரோஸ்கோப்பி என்ற ஓடும் எக்ஸ்ரேயிலோ அது ஏறி இறங்குவதையும் பார்ப்பார்கள். இந்தச் சோதனைக்கு முன்னால் விலை விசாரிப்பதில் அர்த்தமே இல்லை.

மற்றவை வீட்டுக் கேள்விகள். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் யார் எழுந்திருப்பார்? கரண்ட் போனால் என்ன? உதிரிப் பாகம் எங்கிருந்து வரும்? எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால்? கருவி விற்கிறவர் இவற்றை எடுக்க மாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

## வீட்டு வென்டிலேட்டர்

தொண்டையில் துளை போட்டு, அதாவது டிரக்கியாஸ்டமி செய்து, அந்தக் குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் முறை. கரண்ட் தூண்டலோடு ஒப்பிடும்போது எல்லோரும் இதை வில்லனாக்கிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஃப்ரீனிக் நரம்பு செத்திருந்தாலும் இது வேலை செய்யும். அடிபட்ட அன்றிலிருந்தே வேலை செய்யும். பழுதானால் வாடகைக்கு இன்னொன்று சென்னையிலோ வேலூரிலோ தேடிப் பிடிக்கலாம்.

மெஷின் விலையைத் தாண்டி வரும் செலவுதான் குடும்பத்தை உட்கார வைக்கிறது. சக்‌ஷன் மெஷின், தினமும் தூக்கிப் போடும் சக்‌ஷன் குழாய்கள், ஃபில்டர், ஈரப்பதம் கொடுக்கும் பாகம், அவ்வப்போது மாற்றும் டிரக்கியாஸ்டமி குழாய். அதைவிடப் பெரியது ஆள். 24 மணி நேரமும் சளி உறிஞ்சத் தெரிந்த ஒருவர் கூப்பிடும் தூரத்தில் இருந்தாக வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மா நின்றுவிடுவார். பீடி சுற்றுகிற வீடென்றால் முறம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அந்தக் கூலி இழப்பை யாரும் பில்லில் எழுதுவதில்லை.

கரண்ட் விஷயம் தனி. வேலூர் மாவட்டத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். கத்திரி வெயிலில் அறிவிப்பில்லாமலும் போகும். எடுத்துச் செல்லும் வகை வென்டிலேட்டரில் உள் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பல வீடுகளில் இரண்டு ஃபேன், இரண்டு டியூப் லைட்டுக்குக் கணக்குப் போட்டு வாங்கிய இன்வெர்ட்டர்தான் இருக்கும். வென்டிலேட்டரோடு சக்‌ஷன் மெஷினையும் சேர்த்துப் போட்டால் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கைப்பிடித்து அமுக்கும் ஆம்பு பை தலைமாட்டிலேயே தொங்க வேண்டும், பீரோவுக்குள் இருக்கக் கூடாது.

இன்னொன்று. ஆக்சிஜன் சிலிண்டரும் வென்டிலேட்டரும் ஒன்றல்ல. மூச்சு ஆழமில்லாதவருக்கு வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் விரலில் மாட்டும் மீட்டர் 97 காட்டும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். காலையில் எழுந்ததும் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் என்றால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

முழு நேர வென்டிலேட்டர் தேவைப்படாமல், இரவில் மட்டும் மூச்சு தளர்கிறவர்களுக்கு முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் பைபேப் மெஷின் போதுமானதாக இருக்கும். துளையே வேண்டாம். இது பொருந்துமா என்று கேட்காமலேயே பலர் டிரக்கியாஸ்டமியோடு வருடக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள்.

## ஃப்ரீனிக் நரம்புப் பேஸ்மேக்கர்

இது புதுசு இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளென் என்ற அறுவை நிபுணர் 1960-களிலேயே தொடங்கி வைத்தது. கழுத்திலோ நெஞ்சுக்குள்ளோ ஃப்ரீனிக் நரம்பின் மேல் மின்முனையை வைத்து, தோலுக்கு அடியில் ஒரு ரிசீவரைப் புதைத்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் அப்படியே. வெளியே ஒரு பெட்டி. அதிலிருந்து வரும் வளைய ஆன்டெனாவை ரிசீவர் இருக்கும் இடத்துக்கு நேராகத் தோல்மேல் டேப்பால் ஒட்ட வேண்டும். பெட்டி அனுப்பும் ரேடியோ அலை ரிசீவருக்குப் போய், நரம்பு தூண்டப்பட்டு, உதரவிதானம் கீழே இறங்கி, காற்று உள்ளே போகும். நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை.

காற்றை அழுத்தித் தள்ளுவதற்குப் பதிலாக உடம்பே இழுக்கிறது. அதனால் பேச்சு எளிதாகிறது, மூக்கு வழியாக மூச்சு போனால் வாசனை தெரிகிறது, வீல்சேரில் பெரிய மெஷின் இல்லாமல் வாசலுக்குப் போகலாம், சத்தமும் இல்லை. ஜெர்மனியில் வென்டிலேட்டரில் இருந்தவர்களையும் இந்தப் பேஸ்மேக்கர் வைத்தவர்களையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வில், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு நுரையீரல் தொற்று குறைவாக இருந்தது. ஆனால் அங்கே நரம்பு நன்றாக இருந்தவர்களுக்குப் பேஸ்மேக்கர், நரம்பு போனவர்களுக்கு வென்டிலேட்டர். சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரண்டு கூட்டம் அல்ல. வித்தியாசம் முழுவதும் கருவியால் வந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதன் மறைமுகச் செலவுகளைக் கவனமாகக் கேளுங்கள். வைத்த மறுநாள் குழாயைக் கழற்ற முடியாது. வென்டிலேட்டரில் சும்மா இருந்த உதரவிதானம் மெலிந்து போயிருக்கும். மணிக்கு 10, 15 நிமிடம் என்று தொடங்கி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுவரை இரண்டு மெஷின் செலவு. அப்புறமும் வென்டிலேட்டரை விற்க முடியாது. கருவி நின்றால் உயிர் காப்பது அதுதான். தொண்டைத் துளையை மூடிவிட்டால் இன்னொரு சிக்கல் வரும். சாதாரணமாக நாம் மூச்சிழுக்கும் அதே நொடியில் தொண்டைத் தசைகளும் விறைத்து வழியைத் திறந்து வைக்கும். கருவிக்கு அந்த ஒத்திசைவு தெரியாது. தூக்கத்தில் தொண்டை ஒட்டிக்கொண்டு மூச்சு அடைக்கலாம். அதனால் பலர் இரவுக்காகத் துளையை வைத்துக்கொள்கிறார்கள். குழாயை எடுத்துவிடலாமா என்று கேட்ட அம்மாவுக்கு இதைச் சொன்னால் முகம் வாடிவிடும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு கவலை, வியர்வை. உயரமான மட்டத்தில் அடிபட்டவருக்கு உடம்பு சரியாக வியர்க்காது என்பது உண்மை. ஆனால் கூட இருப்பவர் கை வியர்க்கும், நெற்றியும் கழுத்தும் வியர்க்கும், மே மாதம் டேப் எதிலும் ஒட்டாது. ஆன்டெனா நழுவினால் அந்தப் பக்க மூச்சு நின்றுவிடும். நோயாளியால் கையைத் தூக்கிச் சரி செய்ய முடியாது. ஆக, வென்டிலேட்டரைப் போலவே இதற்கும் பக்கத்தில் ஆள் வேண்டும். ஆளைக் குறைக்கலாம் என்பதற்காக இதை வைக்க நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

## உதரவிதானத்திலேயே கம்பி

வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, லேப்ராஸ்கோப்பி மூலம் உதரவிதானத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு கம்பிகளைப் பதிக்கும் முறை. கிளீவ்லாந்தில் ரேமண்ட் ஆன்டர்ஸ் குழு 2000-இல் முதல் நோயாளிக்குச் செய்தது. சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோஃபர் ரீவுக்கு 2003-இல் வைத்தார்கள். அமெரிக்க அனுமதி 2008-இல் வந்தது.

நரம்பை நேரடியாகத் தொடுவதில்லை என்பதும் நெஞ்சைத் திறப்பதில்லை என்பதும் பெரிய அனுகூலம். ஆபரேஷன் மேசையிலேயே எந்த இடத்தில் கரண்ட் கொடுத்தால் தசை நன்றாகச் சுருங்குகிறது என்று தேடிப் பார்த்துத்தான் கம்பியைப் பதிப்பார்கள். "நேரா தசையில குத்தறாங்க, அப்போ நரம்பு செத்திருந்தாலும் பரவாயில்லை" என்று சிலர் நினைக்கிறார்கள். தவறு. தசைக்குள் நுழையும் நரம்பு நுனிதான் தூண்டப்படுகிறது. நரம்பு போயிருந்தால் இதுவும் ஓடாது.

கம்பிகள் தோலைத் துளைத்து வெளியே வந்து சட்டைப் பையளவுப் பெட்டியில் சேரும். அந்த இடத்தைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி இழுபட்டு அறுந்த கதைகள் உண்டு. குளிப்பாட்டும்போதும் சட்டை மாற்றும்போதும் கவனம் வேண்டும். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு இரண்டு பேர் தூக்கும்போது மூன்றாவது ஆள் கம்பியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

தசை பழகக் காத்திருப்பதும், கூடவே வென்டிலேட்டர் இருக்க வேண்டியதும், தூக்கத்தில் தொண்டை அடைப்பதும் இதற்கும் பொருந்தும். புதைத்த கருவி எதுவாக இருந்தாலும் எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் கிடையாது. பிசியோதெரபி சென்டரில் உள்தசைக்குச் சூடு கொடுக்க வைக்கும் டயாதெர்மி கூடவே கூடாது. விலை இரண்டுக்குமே பல லட்சங்களில்தான் பேசப்படும். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். முதல்வர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்றிருந்தாலும், இந்தக் குறிப்பிட்ட சிகிச்சை பட்டியலில் இருக்கிறதா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் எழுத்தில் வாங்கிக்கொண்டு பேசுங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. ஏ.எல்.எஸ். என்ற நரம்புத் தேய்வு நோய்க்கும் இதே கருவியைச் சிலர் தேடுகிறார்கள். பிரிட்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், கருவி வைத்த ஏ.எல்.எஸ். நோயாளிகள் வைக்காதவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள். தண்டுவட அடிக்குச் சரியாக இருப்பது எல்லாவற்றுக்கும் சரியாகாது.

## வயிற்றுத் தசைக்குக் கரண்ட்

ஆபரேஷன் இல்லாத முறை இது. வயிற்றின் இரண்டு பக்கமும் ஒட்டும் பட்டைகள் வைத்து, மூச்சை வெளிவிடும் நொடியில் கரண்ட் கொடுத்தால் செயலிழந்த வயிற்றுத் தசை சுருங்கி, உதரவிதானத்தை மேலே தள்ளும். இருமலுக்குப் பலம் வரும். வாரக்கணக்கில் பயிற்சி மாதிரிச் செய்தால் தசையே கொஞ்சம் தடிக்கிறது. வென்டிலேட்டரிலிருந்து கழற்றும் காலத்தில் உதவியாக வைக்கலாமா என்றும் சிட்னி போன்ற இடங்களில் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் தெருமுனை சென்டர்களில் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்லும் மெஷினும் இதுவும் ஒன்றா? பட்டை ஒன்றுதான், வேலை வேறு. அந்த மெஷின் மூச்சைப் பார்க்காது, அதன்பாட்டுக்கு விட்டு விட்டுக் கரண்ட் கொடுக்கும். மூச்சிழுக்கும் நேரத்தில் வயிறு சுருங்கினால் உள்ளதும் கெடும். மூச்சோடு சேர்த்துக் கரண்டை அழுத்த ஒரு சுவிட்சோ சென்சாரோ, அதைத் தெரிந்த ஒரு பிசியோவோ வேண்டும். நீங்களாகவே ஆன்லைனில் வாங்கி வயிற்றில் ஒட்டாதீர்கள்.

இதிலும் ஆபத்து உண்டு. மார்புத் தண்டுவடத்தின் 6-ஆம் மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்குக் கரண்ட், நிரம்பிய மூத்திரப் பை, இறுகிய மலம் என்று எதுவாவது தூண்டினால் திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும். தலை பிளக்கிற வலி, முகம் சிவப்பது, நெற்றி வியர்ப்பது என்று தெரிந்தால் பட்டையைக் கழற்றி, ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, மூத்திரக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் அடங்காவிட்டால் 108. இதய பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இந்த முறையே வேண்டாம். தொப்பை அதிகமென்றால் கரண்ட் தசைக்குப் போய்ச் சேராது.

## கரண்டே இல்லாத வழி

இதை ஒப்பீட்டில் சேர்த்ததற்குச் சிலர் சிரிக்கலாம். சி-5, சி-6 வீட்டில் நான் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

வயிற்றுப் பெல்ட் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். உட்கார வைத்தால் இவர்களுக்கு வயிறு முன்னால் சரிந்து உதரவிதானம் தாழ்ந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்திருப்பதைவிடப் படுத்தால் மூச்சு நன்றாக இருக்கும். பெல்ட் கட்டினால் உட்கார்ந்தும் மூச்சு ஆழமாகும். விலா எலும்புக்குக் கீழே கட்ட வேண்டும், மேலே ஏறினால் நெஞ்சை அமுக்கும்.

கையால் இருமல்: ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொப்புளுக்கும் விலா நடுவில் முடியும் இடத்துக்கும் இடையே வைக்க வேண்டும். அவர் நன்றாக இழுத்து இருமும் அதே நொடியில் உள்ளேயும் தலைப்பக்கமாகவும் ஒரு தள்ளு. நொடி தவறினால் பயனில்லை. கயிற்றுக் கட்டில் என்றால் நீங்கள் தள்ளும் பலத்தைக் கயிறே வாங்கிக்கொள்ளும், முதுகுக்கு அடியில் பலகை போடுங்கள். சாப்பிட்டவுடன் செய்யாதீர்கள். விலா முறிவு இருந்தாலோ வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். இழுப்பே குறைவாக இருப்பவருக்கு ஆம்பு பையால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று மூச்சை அடுக்கி, அப்புறம் இருமச் சொல்லலாம். அதையும் பிசியோ முன்னால் ஒருமுறை செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் மறுவாழ்வு மையம் 1966-இல் வந்தது. 1954 கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, வீல்சேரிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் தொடங்கியது அது. அங்கோ வேறு நல்ல மையத்திலோ சேர்க்கும்போது நோயாளியைவிடக் கூட இருப்பவர் கற்றுக்கொள்வதுதான் வீட்டில் காப்பாற்றும். நாளைக்கு வேலைக்குப் போய்விடும் தம்பியை அனுப்பாமல், வீட்டில் இருக்கப்போகிறவரை அனுப்புங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | நரம்பு உயிரோடு வேண்டுமா | கரண்ட் போனால் | பக்கத்தில் ஆள் | எதைத் தீர்க்கும் |
|---|---|---|---|---|
| வீட்டு வென்டிலேட்டர் | வேண்டாம் | உள் பேட்டரி, இன்வெர்ட்டர், ஆம்பு பை | எப்போதும் | மூச்சு |
| ஃப்ரீனிக் பேஸ்மேக்கர் | கட்டாயம் | பேட்டரியில் ஓடும் | எப்போதும் | மூச்சு, பேச்சு |
| உதரவிதானக் கம்பி | கட்டாயம் | பேட்டரியில் ஓடும் | எப்போதும் | மூச்சு, பேச்சு |
| வயிற்றுத் தூண்டல் | வயிற்று நரம்பு வேண்டும் | கவலையில்லை | செய்யும் நேரம் மட்டும் | இருமல் |
| பெல்ட், கை இருமல் | வேண்டாம் | கவலையில்லை | சளி கட்டும் நேரம் | இருமல் |

## யாருக்கு எது

சி-1, சி-2 மட்டத்தில் முழு அடி, சோதனையில் நரம்பு நன்றாக இருக்கிறது, வென்டிலேட்டருக்குப் பழகிய வீடு, பணத்துக்கு வழி இருக்கிறது, வெளிநாட்டுக் கருவிக்கு இங்கே பொறுப்பெடுக்கும் ஆஸ்பத்திரி ஒன்று கிடைத்திருக்கிறது: இந்த ஐந்தும் சேர்ந்தால் பேஸ்மேக்கரைப் பற்றித் தைரியமாகப் பேசலாம். அப்போது எனக்கு உதரவிதானக் கம்பி முறைதான் சற்றுப் பிடிக்கும், ஆபரேஷன் சிறியது என்பதால். படித்து, கம்ப்யூட்டரில் வேலை பார்க்க நினைக்கும் 20 வயதுப் பையனுக்கு, பேச்சும் சத்தமில்லாத மூச்சும் தரும் லாபம் பெரிது.

சி-3, சி-4 என்றால் அவசரப்படக் கூடாது. முதல் ஓராண்டில் சிலருக்குத் தானாகவே மூச்சு திரும்புகிறது. அமெரிக்காவில் சில மையங்கள் இதற்கு நேர்மாறாக, சீக்கிரமே கம்பி வைத்தால் வென்டிலேட்டரிலிருந்து விடுபடுவது வேகமாகிறது என்கின்றன. அந்த வசதியும் தொடர்ந்து பார்க்கும் குழுவும் இல்லாத இடத்தில் நான் காத்திருக்கவே சொல்வேன். காத்திருக்கும் காலத்தில் நரம்புச் சோதனையை இடைவெளி விட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

நரம்பே இல்லை என்று முடிவானால் வென்டிலேட்டர்தான். விலா நரம்பை எடுத்து ஃப்ரீனிக் நரம்போடு ஒட்டிக் கரண்ட் கொடுக்கும் ஆபரேஷன் உலகில் சில இடங்களில் நடந்திருக்கிறது. அதை நம்பிக் குடும்பத் திட்டம் போட முடியாது.

சி-5-ஓ அதற்குக் கீழேயோ என்றால் பேஸ்மேக்கர் பேச்சையே விட்டுவிடுங்கள். கையிலிருக்கும் பணத்தை முதலில் பெல்ட், ஆம்பு பை, சக்‌ஷன் மெஷின், இன்வெர்ட்டர் என்று போடுங்கள். அப்புறம் மீதி இருந்தால், தெரிந்த பிசியோவோடு வயிற்றுத் தூண்டல். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பிசியோவிடம் கை இருமலை மறுபடி மறுபடி செய்து காட்டச் சொல்லுங்கள், அதற்குக் காசு இல்லை. தண்டுவட அடிபட்டவர்களைக் கொண்டுபோவதில் முன்னால் நிற்பது நிமோனியா. சளி நிறம் மாறி, காய்ச்சலோடு மூச்சு வேகமானால் மறுநாள் ஓ.பி. வரைக்கும் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.